ஆர்டர் எங்கே நிற்கிறது? பட்டுக்கூட்டு மாலை விற்பவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

தருமபுரியில் பட்டுக்கூடு ஏல அங்காடி இருக்கிறது. சுற்றுவட்டாரமெங்கும் மல்பெரித் தோட்டம். நூல் எடுக்கத் தேறாத கூடுகள், அதாவது இரண்டு புழு சேர்ந்து கட்டிய இரட்டைக் கூடு, கறை படிந்தது, அந்துப்பூச்சி ஓட்டை போட்டு வெளியேறியது எல்லாம் நல்ல கூட்டை விட மலிவு. அதனால் மாலை, பூங்கொத்து, தோரணம் என்று வீட்டிலேயே செய்து விற்பது நம் பக்கத்தில் சாத்தியமான தொழில். சரக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கைவேலையும் தெரியும். விற்பனையில்தான் இடிக்கிறது. கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "ரீச் இல்லைங்க," அதாவது போடுவது பலரிடம் போய்ச் சேரவில்லை.

அந்தப் பதிலை நான் அவ்வளவு சீக்கிரம் நம்புவதில்லை. பார்ப்பது, விசாரிப்பது, பணம் கட்டுவது, பார்சல் போய்ச் சேர்வது, வாங்கியவர் திரும்ப வருவது என்று ஒரு விற்பனைக்கு ஐந்து படி உண்டு. எந்தப் படியில் ஆள் உதிர்கிறார் என்று தெரியாமல் தினமும் ரீல்ஸ் போட்டால் களைப்புதான் மிஞ்சும். முதலில் ஒரு நோட்டை எடுத்து, போன மாதம் விசாரித்தவர்கள் எத்தனை பேர், அதில் பணம் கட்டியவர்கள் எத்தனை பேர், பார்சல் திரும்பி வந்தது எத்தனை, பழைய வாடிக்கையாளர் எத்தனை பேர் என்று வாட்ஸ்அப்பைப் பின்னால் தள்ளிப் பார்த்து எழுதுங்கள். எந்த இடத்தில் எண் சட்டென்று விழுகிறதோ, கீழே அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

"லைக் நிறைய வருது, விசாரிக்கத்தான் ஆள் இல்லை"

லைக் போடுபவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் உங்களைப் போலவே கைவினை செய்பவர்களாக இருப்பார்கள். "எப்படிக் கோர்த்தீங்க அக்கா?", "மணி எங்க வாங்கினீங்க?" என்ற கேள்விகள்தான் அடியில் இருக்கும். செய்முறை வீடியோ போட்டால் செய்பவர்கள் கூடுவார்கள், அதில் தப்பில்லை. ஆனால் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் மனிதவள அதிகாரி ஊசியில் எப்படிக் கோர்ப்பது என்று தேடிக்கொண்டிருக்க மாட்டார். அடுத்த வாரம் வரும் விருந்தினருக்குப் போட ஐந்து மாலை எங்கே கிடைக்கும் என்பதுதான் அவர் கவலை.

இன்ஸ்டாகிராம் கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்றுவது இலவசம். மாற்றினால் இன்சைட்ஸ் பகுதியில் உங்களைப் பின்தொடர்பவர்கள் எந்தெந்த நகரங்களில் இருக்கிறார்கள் என்று தெரியும். அதில் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், சேலம், பெங்களூரு மேலே இல்லையென்றால் கோளாறு இதுதான்.

இனி போடும் படங்களில் மாலை மேஜையில் கிடக்க வேண்டாம், ஒரு ஆள் கழுத்தில் தொங்கட்டும். மேஜையில் கிடந்தால் நீளம் தெரியாது. கழுத்தில் இருந்தால் யாரும் கேட்காமலே தெரிந்துவிடும். படத்துக்குக் கீழே எந்த நிகழ்ச்சிக்கு ஏற்றது, விலை என்ன, எத்தனை நாளில் கிடைக்கும் என்ற மூன்றும் வேண்டும். "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்று எழுதுவதை நான் வெறுக்கிறேன். கூச்சப்படுபவர் வரவே மாட்டார், கூச்சமில்லாதவர் பேரம் பேச வருவார்.

வெள்ளைக் கூட்டை வெள்ளைத் துணியில் வைத்து எடுத்தால் எல்லாம் வெளுத்து, சொரசொரப்பும் பளபளப்பும் காணாமல் போகும். கரும்பச்சை, அரக்கு மாதிரி அடர்ந்த நிறத் துணியை விரித்து, வெயில் நேரடியாக விழாத ஜன்னலோரமாக வைத்து எடுங்கள். போன் திரையில் கூட்டின் மேல் ஒரு தட்டுத் தட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினால் போதும், இழை இழையாகத் தெரியும்.

கணக்கின் பெயர்ப் பகுதியையும் ஒருமுறை பாருங்கள். அங்கே எழுதியதும் தேடலில் வரும். உங்கள் பெயரும் இரண்டு இதயக் குறியும் மட்டும் இருந்தால் யார் என்ன தேடி உங்களை அடைவார்? பட்டுக்கூட்டு மாலை, தருமபுரி என்று அதிலேயே எழுதுங்கள்.

"பக்கத்துத் தெருவுக்கே நாம இருக்கறது தெரியலை"

கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் உங்கள் தொழிலைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் இல்லையென்றால் தெரியாதுதான். இதற்குக் காசு கிடையாது. கடை இல்லாமல் வீட்டிலிருந்து செய்பவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஊருக்கு அனுப்புகிறீர்கள் என்று சேவைப் பகுதியை மட்டும் காட்டலாம். வீட்டு முகவரி ஊருக்கே தெரிய வேண்டாம் என்று தயங்கும் பெண்களுக்கு இது பலருக்குத் தெரியாத வசதி. சரிபார்ப்புக்கு வீடியோ கேட்பதுண்டு. தெருவும் வேலை செய்யும் இடமும் சரக்கும் ஒரே ஓட்டத்தில் வருமாறு எடுத்தால் சிக்கல் குறைவு.

தொழிலின் பெயருக்குள் "சிறந்த மலிவான மாலை தருமபுரி கிருஷ்ணகிரி ஓசூர்" என்று திணிக்காதீர்கள். அது கூகுள் விதிக்கு எதிரானது, புரொஃபைலையே முடக்கிவிடுவார்கள். அந்தச் சொற்களுக்கு விவரிப்புப் பகுதி இருக்கிறது. அங்கே ஊர்ப்பெயரைத் தருமபுரி என்றும் தர்மபுரி என்றும் இரண்டு விதமாகவும், ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள். தேடுபவர் எப்படித் தட்டுவார் என்று நமக்கு எப்படித் தெரியும்? ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் அதிகம். அந்தப் பக்க வாடிக்கையாளர் வேண்டுமென்றால் அந்த மொழிகளிலும் ஒரு வரி சேர்ப்பது புத்திசாலித்தனம்.

மதிப்புரை கேட்க வெட்கப்படாதீர்கள். மாலை கிடைத்த மறுநாள், நிகழ்ச்சிப் படம் அனுப்பி அவர்களே மகிழ்ச்சியாக இருக்கும் நேரத்தில் இணைப்பை அனுப்பினால் எழுதித் தருவார்கள். காசுக்கோ தள்ளுபடிக்கோ மதிப்புரை வாங்குவது விதிமீறல். சொந்தக்காரர்கள் பத்து பேரை ஒரே நாளில் எழுத வைப்பதும் எடுபடாது.

"ரேட் கேக்கறாங்க, அப்புறம் சத்தமே இல்லை"

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. காரணம் ஒன்றல்ல.

முதல் காரணம் தாமதம். விசாரிப்பவர் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு அனுப்பியிருப்பார். நீங்கள் சமையல் முடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பதில் போடுவதற்குள் வேறொருவர் பேசி முடித்திருப்பார். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் விரைவுப் பதில் என்று ஒன்று உண்டு. ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால், சாய்வுக்கோடு போட்டு அதன் சுருக்கப் பெயரைத் தட்டினால் முழுச் செய்தியும் வந்துவிடும்.

இரண்டாவது காரணம் பதிலின் நீளம். "600" என்று மட்டும் பதில் போட்டால் உரையாடல் அங்கேயே முடிந்தது. அவர் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று உங்கள் பதிலிலேயே இருக்க வேண்டும். ஒரு மாதிரி:

"வணக்கம் சார். படத்தில் உள்ள மாலை 600 ரூபாய். தோளிலிருந்து இடுப்பு வரை வரும். 10 மாலைக்கு மேல் என்றால் ஒன்று 550. செய்ய 4 நாள் ஆகும், பாதி முன்பணம். எந்த ஊருக்கு, எந்தத் தேதிக்கு வேண்டும் சார்?"

கடைசியில் இருக்கும் கேள்விதான் வேலை செய்வது. தேதியைச் சொல்லிவிட்டவர் பாதி முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம். தேதி சொல்லியும் பணம் கட்டாதவரின் பெயருக்கு ஒரு லேபிள் போட்டு வையுங்கள். அவர் சொன்ன தேதிக்கு ஐந்து நாள் முன்னால், "சார், இன்னைக்குச் சொன்னாதான் நேரத்துக்கு முடியும்" என்று ஒரே ஒருமுறை நினைவுபடுத்தலாம். அதற்கு மேல் துரத்த வேண்டாம்.

மூன்றாவது, பூ மாலையோடு ஒப்பிடுவது. ஓசூர் ரோஜா பக்கத்திலேயே விளைகிறது. நல்ல ரோஜா மாலை நம் ஊரில் மலிவு. விலையில் அதோடு மோத முடியாது, மோதவும் வேண்டாம்.

"என்னங்க மேடம், பூ மாலையை விட இவ்ளோ அதிகமா இருக்கே?"

"ஆமாங்க சார். பூ மாலை சாயந்திரமே வாடிடும். இது அவங்க வீட்டு ஷோகேஸ்ல வருஷக்கணக்கா இருக்கும். பின்னாடி அவங்க பேரும் தேதியும் எழுதித் தர்றேன்."

இப்படிச் சொன்ன பிறகும் விலையிலேயே நிற்பவர் உங்கள் வாடிக்கையாளர் இல்லை, விட்டுவிடுங்கள். திருமண மேடையில் மணமக்களுக்குப் பூ மாலைதான். அங்கே போய் நிற்காதீர்கள். நினைவாக வைத்துக்கொள்ளத் தரும் இடங்களில் நில்லுங்கள். பணி நிறைவு விழா, பள்ளி ஆண்டு விழா, செப்டம்பர் 5 ஆசிரியர் தினம், குத்துவிளக்கேற்ற வரும் விருந்தினர்.

பணி நிறைவு விழாவை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அதற்குத் தேதி முன்கூட்டியே தெரியும். தமிழ்நாட்டு அரசு ஊழியர் 60 வயது முடியும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார். அதாவது ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஏதாவது ஒரு அலுவலகத்தில் மாலை தேவைப்படும். அந்தப் படங்களை 28ஆம் தேதி போட்டு என்ன பயன்? 10லிருந்து 15க்குள் போடுங்கள். ஆடியில் சுப காரியம் இல்லை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருபவர்கள் ஆசிரியர் தினத்தைக் கோட்டைவிடுகிறார்கள். ஆடியில் கோர்த்து, ஆவணி பிறந்ததும் பள்ளிகளுக்குப் படம் அனுப்ப வேண்டும்.

நான்காவது உங்கள் விலையே தப்பாக இருப்பது. கூடுதலாக மட்டுமல்ல, குறைவாகவும் இருக்கலாம். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: கூடு, நூல், மணி 140. பதக்கம் 40. மூன்று மணி நேர வேலை, மணிக்கு 80 வீதம் 240. பெட்டி 30. வீணாவது 10. ஆக 460. இதை 600க்கு விற்றால் 140 நிற்கும். ஒரு பரிசுப்பொருள் கடைக்காரர் 25 சதவீதம் தள்ளிக் கேட்டால் 450 ஆகிவிடும். ஒவ்வொரு மாலைக்கும் நீங்கள் கையிலிருந்து 10 ரூபாய் போடுகிறீர்கள். "என் உழைப்புதானே" என்று அந்த 240ஐ எழுதாமல் விடுபவர்களுக்கு இது தெரிவதே இல்லை. எழுதிப் பாருங்கள், கடைக்குத் தர வேண்டுமா, சில்லறை விலையை ஏற்ற வேண்டுமா, வடிவத்தை எளிமையாக்கி நேரத்தைக் குறைக்க வேண்டுமா என்று தானாகத் தெளியும்.

"பிராட்காஸ்ட் போட்டா யாரும் பாக்கறதே இல்லை"

பிராட்காஸ்ட் என்பது வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புவது. உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவருக்கு மட்டுமே அது போகும். ஒரு பட்டியலில் 256 பேர்தான் வரை. பார்சலுக்குள் வைக்கும் அட்டையில் "எண்ணைச் சேமித்துக்கொண்டால் புது மாலைப் படங்கள் வரும்" என்று ஒரு வரி அச்சிடுங்கள். தெரியாதவர்களைக் கேட்காமல் குழுவில் சேர்த்தால் அவர்கள் புகார் அழுத்துவார்கள், எண்ணே முடங்கும். தொழிலின் மொத்தத் தொடர்பும் அந்த ஒரு எண்ணில் இருக்கும்போது அந்த விளையாட்டு வேண்டாம்.

"வெளியூர் ஆர்டர் வந்தாலே நஷ்டம்"

மாலை 300 கிராம்தான் இருக்கிறது, கூரியர்க்காரர் 4 கிலோவுக்குப் பணம் கேட்கிறார் என்றால் அவர் ஏமாற்றவில்லை. எடை குறைவாகவும் இடம் அதிகமாகவும் அடைக்கும் பார்சலுக்குப் பருமன் எடை என்று ஒரு கணக்கு உண்டு. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பல கூரியர் நிறுவனங்களின் வழக்கம். உண்மையான எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம்.

40, 30, 15 அளவுள்ள பெட்டி என்றால் 18,000. ஐயாயிரத்தால் வகுத்தால் 3.6 கிலோ. அதே மாலையைச் சுருள் சுருளாகப் படுக்கவைத்து 25, 20, 8 அளவுப் பெட்டியில் வைத்தால் 4,000, அதாவது 0.8 கிலோ. மாலை அதேதான், கட்டணம் எங்கேயோ இறங்கிவிடும். ஆகவே பெட்டியை முதலில் முடிவு செய்யுங்கள், அதற்குள் அடங்குமாறு மாலையை வடிவமையுங்கள். நடுவில் பெரிய பதக்கம் வைத்தால் அது மடங்காது. அதைக் கழற்றி மாட்டும் கொக்கியில் தொங்கவிட்டால் பெட்டி தட்டையாகும். எந்த நிறுவனத்தில் அனுப்பினாலும் வகுக்கும் எண் என்ன என்று கேட்டுவிட்டு விலை சொல்லுங்கள்.

கூடு நசுங்கினால் திரும்பப் பழைய உருவுக்கு வராது. அழுத்தம் தாங்குவது பெட்டியின் வேலை, செய்தித்தாள் திணித்துச் சரிக்கட்ட முடியாது. மூன்றடுக்கு அட்டைப்பெட்டி போதும். மழைக்காலத்தில் உள்ளே பிளாஸ்டிக் உறை கட்டாயம்.

பொருள் கைக்கு வந்ததும் பணம் என்ற முறையை ஆர்டரின் பேரில் செய்யும் மாலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பெயரும் தேதியும் எழுதிய மாலை திரும்பி வந்தால் அதை வேறு யாருக்கு விற்பீர்கள்? போன கூலியும் வந்த கூலியும் உங்கள் தலையில்தான்.

ஓசூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. அத்திப்பள்ளி வந்துவிட்டாலே கர்நாடகம், பக்கத்து வீடு மாதிரிதான் தோன்றும். ஜிஎஸ்டி கணக்கில் அது வேறு மாநிலம். பொருள் விற்பவருக்கு மாநிலத்துக்குள் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. மாநிலம் தாண்டினால் அந்த வரம்பு உதவாது, பதிவு வேண்டும். அரசு அறிவித்த கைவினைப் பொருள் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும் 20 லட்சம் வரை விலக்கு இருக்கிறது. அந்த விலக்கில் போனால் சரக்கின் மதிப்பு எவ்வளவு குறைவானாலும் இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு, வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பதிவில்லாத சிறு விற்பனையாளரும் ஆன்லைன் சந்தைத் தளங்களில் விற்கலாம், ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். உங்கள் பொருள் எந்த வகையில் வருகிறது என்று ஒரு ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து கேட்டுவிட்டால் தலைவலி இல்லை.

"ஒருமுறை வாங்கினவங்க மறுபடி வரலை"

இதற்கு விளம்பரம் மருந்தல்ல, சரக்கைப் பாருங்கள்.

வெள்ளைச் சட்டையில் சாயம் ஒட்டியிருக்கலாம். ஈரமான வெள்ளைத் துணியால் சாயமேற்றிய கூட்டைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் வந்தால் அனுப்பாதீர்கள். பருத்திக்கான சாயங்கள் சில பட்டில் சரியாகப் பிடிக்காது. பட்டு புரத இழை, அமிலச் சாயம் அதற்கு நன்றாகப் பொருந்தும், கூடவே கொஞ்சம் வினிகர். நன்றாக ஏறட்டும் என்று கொதிக்கவைத்தால் கூட்டை விறைப்பாக வைத்திருக்கும் செரிசின் பசை இளகி, கூடு தொய்ந்துவிடும். மிதமான சூடு, கூடுதல் நேரம்.

நாற்றம் என்று யாராவது சொன்னால் உள்ளே கூட்டுப்புழு இருக்கிறது. காய்ந்த புழு இருக்கும் கூட்டைத் தேடி வண்டு வரும், ஷோகேஸில் வைத்த மாலை சில மாதத்தில் பொடியாக உதிர ஆரம்பிக்கும். "வருஷக்கணக்கா இருக்கும்" என்று சொல்லி விற்றவருக்கு இதைவிடக் கெட்ட பெயர் வேண்டாம். ஓட்டை விழாத கூடுகளை நுனியில் வெட்டிப் புழுவை எடுத்துவிட்டு, உள்ளே சுத்தம் செய்து, நன்றாகக் காயவைத்த பிறகே கோர்க்க வேண்டும்.

சரக்கு நன்றாக இருந்தும் வரவில்லையா? அப்படியானால் அவர்களுக்கு உங்கள் நினைவு இல்லை, அவ்வளவுதான். மாலையின் பின்புறத் துணியில் உங்கள் பெயரும் ஊரும் எண்ணும் இருக்கட்டும். சிட்டிலிங்கிப் பக்க லம்பாடிப் பெண்களின் துணி வேலைப்பாட்டைப் பார்த்தவுடன் இது எந்த ஊர், யார் கை என்று தெரிகிறதே, வாங்குபவர் அதையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். பட்டுக்கூடு விளையும் மாவட்டத்திலிருந்து வருகிறது என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

"பூஸ்ட் பண்ணிப் பணம் போனதுதான் மிச்சம்"

மேலே சொன்னவை சரியாகும் வரை, காசு கட்டிப் பதிவைப் பலருக்குக் காட்டும் பூஸ்ட் பொத்தானைத் தொடாதீர்கள். தொட்டால் தமிழ்நாடு முழுவதும் என்று விடாமல், நீங்கள் அனுப்பக்கூடிய ஊர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். லைக்குக்காக இல்லாமல் வாட்ஸ்அப் செய்தி வருவதற்காக ஓட விடுங்கள். எந்தப் படம் ஏற்கெனவே பணமில்லாமல் ஒரு ஆர்டராவது கொண்டுவந்ததோ அதை மட்டும் தள்ளுங்கள். நிகழ்ச்சித் தேதிக்கு மூன்று வாரம் முன்னால் ஓடினால் பயன் உண்டு, மூன்று நாள் முன்னால் ஓடினால் செய்துதர முடியாத விசாரணைகள்தான் வரும்.

"திடீர்னு பெரிய ஆர்டர், ஆனா பேச்சு ஒரு மாதிரியா இருக்கு"

உங்கள் உள்ளுணர்வு சரி. ராணுவ முகாமிலிருந்து பேசுகிறேன், 50 மாலை வேண்டும், விலை பேச வேண்டாம், முன்பணம் இப்போதே அனுப்புகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள் என்று வரும். அளவு, நிறம், தேதி எதையும் கேட்கமாட்டார். யூபிஐயில் பணம் பெறப் பின் எண் தேவையே இல்லை. பின் எண் கேட்டாலே உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகப்போகிறது. பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் வந்தாலும் வங்கிக் கணக்கில் வரவு தெரியும்வரை ஊசியில் நூல் கோர்க்காதீர்கள். பணம் போய்விட்டால் அழுதுகொண்டு நேரத்தைக் கழிக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை நடுவழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். அந்த எண்ணையும் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள், புகாருக்குக் கேட்பார்கள்.